நெனெங் மிராசோலின் நாற்பது விநாடி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மணிலாவை ஒட்டிய மரிகினாவில் எங்கள் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில், என் கிண்ணத்தில் பாசிப்பயறுக் குழம்பை ஊற்றிக்கொண்டே சியோனி அக்கா* ஒரு வார்த்தை சொன்னார். சுவரில் மாட்டியிருந்த டிவியில் யாரோ ஒரு காமெடி நடிகர், நெனெங் மிராசோலின் புகழ்பெற்ற அலறலைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். கடையே சிரித்தது. சியோனி அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது என் தொண்டை," என்றார்.

நான் மேலே எதுவும் கேட்கவில்லை. வாயில் கருவாடு இருந்தது. அதன்பிறகு நாலைந்து மாதங்களில் துண்டு துண்டாக வந்தது எல்லாம். பாதி அவர் சொன்னது, கால்வாசி நெனெங் எல்லாம் முடிந்தபிறகு ஒரு பேட்டியில் சொன்னது, மிச்சத்தை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன். எது எங்கே என்று முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

(* இங்கே மூத்த பெண்களை ‘ஆதே’ என்று கூப்பிடுவார்கள். நானும் வாயால் அப்படித்தான் கூப்பிடுகிறேன். மனசுக்குள் இருபத்திரண்டு வருடமாக அக்காதான்.)

2

தொடக்கம் ஒன்று: "செபுத் தீவிலிருந்து மணிலாவுக்கு வந்த கப்பலின் அடித்தளத்தில், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அம்மாவின் பாவாடையைப் பிடித்தபடி—"

(நிறுத்திவிட்டேன். கப்பலில் வரும் ஏழைச் சிறுமி என்றதுமே வாசகர் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதற்கு இன்னும் நேரமிருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: "1976இல் வெளியான ‘பன்னிரண்டாம் துறை’ என்ற படம் அந்த ஆண்டின்—"

(செய்தித்தாள் வாடை அடிக்கிறது.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். நெனெங் மிராசோலுக்கு நாற்பத்தொன்பது வயது. நெனெங் என்றால் குட்டிப்பெண். தயாரிப்பாளர் வைத்த பெயர் அது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பெலிசிடாட் துமுலாக் என்பது அவள் பாஸ்போர்ட்டுக்கும் வரித்துறைக்கும் மட்டும்தான் தெரியும். மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கும் வயதிலும் நாடே அவளைக் குட்டிப்பெண் என்றுதான் கூப்பிடுகிறது.

ஏழு வயதில் ‘பன்னிரண்டாம் துறை’. கடைசிக் காட்சியில் அம்மா கப்பலேறிப் பிழைக்கப் போகிறாள். துறைமேடை முழுக்க ஓடிக்கொண்டே மகள் கத்துகிறாள்: "அம்மா, என்னையும் கூட்டிட்டுப் போம்மா." அந்த ஒரு வரியில் நாடு கவிழ்ந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்தைத் தவறவிட்டால் அதைக் கத்தினார்கள். மாமியார் ஊருக்குக் கிளம்பினால் மருமகன்கள் கிண்டலுக்குக் கத்தினார்கள். அடுத்த மூன்று வருடங்களில் நெனெங் நடித்த நாலு படங்களிலும் ஒரு அம்மா சாவாள், அல்லது ஓடிப்போவாள், இவள் அழுவாள்.

பன்னிரண்டு வயதில் வந்த படத்தில் தியேட்டர் சிரித்தது. குரல் கெட்டுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு நாலு வருடம் படமே இல்லை. பதினாறில் திரும்பி வந்தாள், ஒரு காதல் ஜோடியில் பாதியாக. அப்புறம் கதாநாயகியின் தோழி, வில்லனின் தங்கை. முப்பத்தைந்து தாண்டியதும் மதியத் தொடர்களில் அம்மா. யாராவது அழவேண்டுமென்றால் நெனெங்கைக் கூப்பிடு என்பார்கள். இன்றைக்கும் கல்யாண வீட்டில், விமான நிலையத்தில், பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, அந்த அலறலை ஒருமுறை செய்துகாட்டச் சொல்வார்கள். அவளும் முகம் சுளிக்காமல் செய்வாள்.

3

பன்னிரண்டு வயதில் தியேட்டர் ஏன் சிரித்தது என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம். அந்தப் படத்தில்தான் முதல்முறையாக அவள் தன் சொந்தக் குரலில் பேசினாள்.

அந்தக் காலத்தில் இங்கே படங்களைக் குரல் இல்லாமலே எடுப்பார்கள். சும்மா ஒரு நாடாவில் வழிகாட்டிக்காக ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிற்பாடு அறைக்குள் நின்று உதட்டுக்கு ஏற்றபடி பேசிச் சேர்ப்பார்கள். குழந்தைகளுக்கு வளர்ந்த பெண்கள் பேசுவார்கள். தொழிலில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும், வெளியே யாரும் சொல்லமாட்டார்கள். செபுவிலிருந்து வந்த பெலிசிடாட்டுக்கு மணிலாவின் தகாலோக் மொழி கல்லைக் கடிப்பதுபோல வந்தது. ஆகவே முதல் ஐந்து படங்களுக்கும் அவள் குரல் முப்பத்தொரு வயது அசுன்சியோன் பக்கலிங். கன்னத்தில் ஒரு புளிமிட்டாயை அடக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே ஓடியபடி பேசுவார். சியோனி அக்கா என்று நான் சொல்வது அவரைத்தான்.

நெனெங் அந்த அறைக்குள் போனதில்லை. ஒருமுறை வாசல்வரை போயிருக்கிறாள். அம்மா ஏதோ கையெழுத்துப் போட வந்திருந்தாள். பஞ்சு வைத்துத் தைத்த கதவுக்கு வெளியே பெஞ்சில் குளிர்பானத்தோடு உட்காரவைக்கப்பட்டாள் ஏழு வயதுக்காரி. உள்ளே ஒரு சிறுமி கதறிக்கொண்டிருந்தாள். நிறுத்துவதும், மறுபடி முதலிலிருந்து கதறுவதுமாக.

"அம்மா, உள்ள யாரைப் போட்டு அடிக்கிறாங்க?"

"யாரையும் அடிக்கலை. அது நீதான்," என்றாள் அம்மா.

(இது பேட்டியில் நெனெங்கே சொன்னது. ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்க ஆசையாகத்தான் இருந்தது.)

சொந்தக் குரலுக்குச் சிரிப்பு கிடைத்தபின், அந்த நாலு வருடமும் அவள் சும்மா இருக்கவில்லை. தன் பழைய படங்கள் எங்கே ஓடினாலும் போய் உட்கார்ந்தாள். ஒரு சின்ன டேப்ரெக்கார்டரைப் பாவாடை மடிப்பில் மறைத்துக் கொண்டுபோய்ப் பிடித்துவந்து, அறையில் பூட்டிக்கொண்டு, அந்த அழுகையைப் படித்தாள். எங்கே விக்குவது, எங்கே மூச்சு முட்டுவது எல்லாம். பதினாறு வயதில் திரும்பியபோது பத்திரிகைகள் குரல் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தன. அன்றிலிருந்து அவள் அழுத ஒவ்வொரு அழுகையும் சியோனி அக்காவிடமிருந்து எடுத்தது. வீட்டில் அம்மா இறந்த அன்று அழும்போதுகூட அது அப்படியே வந்ததாம். அதற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது என்று அந்தப் பேட்டியில் சொல்லியிருக்கிறாள்.

4

இனி கதை நகரும். ‘பன்னிரண்டாம் துறை’யின் பழைய பிரதியைத் துடைத்துச் சுத்தம் செய்து பெரிய அரங்கில் மறுபடி திரையிட ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்தது. அன்றே நெனெங்குக்கு வாழ்நாள் விருது. படச்சுருள்களைத் திறந்து பார்த்தால், கடைசிச் சுருளில் ஒலிப்பட்டை மட்டும் பூசணம் தின்றுபோயிருந்தது. சரியாக அந்த நாற்பது விநாடி. வீடியோ நாடாக்களில் இருந்த ஒலி தகரத்தை உரசுவதுபோல இருந்ததால் அரங்குக்கு ஆகாது. ஒலிப்பிரிவில் வேலை பார்க்கும் கிரிசெல் என்ற இளம்பெண் போன் செய்தாள்.

"மிஸ் நெனெங், ஒரே ஒரு வரிதாங்க. எங்க யாரு கேட்டாலும் நீங்க செய்யறதுதானே. மெஷின்ல போட்டு சின்னப்புள்ளக் குரலா நான் ஆக்கிக்கறேன்."

நெனெங் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

குரலறையில் ஒன்பது முறை கத்தினாள். ஒன்பது முறையும் உதடு ஒட்டவில்லை. இவள் வரியைப் பாதிகூடச் சொல்லியிருக்கமாட்டாள், திரையில் அந்தப் பிள்ளை வாயை மூடிவிடும். பழைய பிரதியில் மங்கலும் கீறலும் இதையெல்லாம் மறைத்திருந்தன. இப்போது துடைத்த படத்தில், காற்றில் பறக்கும் தலைமுடிக்கு நடுவே, அந்த வாய் பளிச்சென்று தெரிந்தது. நெனெங் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டச் சொன்னாள். பதினோரு தடவை பார்த்தாள். அந்தச் சிறுமி மூன்று வார்த்தைகளைச் சொல்கிறாள், திரும்பத் திரும்ப அதே மூன்று வார்த்தைகளை. வசனம் அது இல்லை.

"நான் வேற என்னமோ சொல்றேன்," என்றாள் நெனெங்.

"என்ன சொல்றீங்க?"

அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. புதுச் செருப்பின் வார் குதிகாலை அறுத்தது நினைவிருக்கிறது. நிஜ அம்மாவைக் கப்பல் தளத்தில் கேமராவுக்குப் படாமல் நிறுத்தி, அவளைப் பார்த்து ஓடு என்று இயக்குநர் சொன்னது நினைவிருக்கிறது. அவர்கள் இருவரும் மணிலாவுக்கு வந்த அதே கப்பல். வாயிலிருந்து என்ன வந்தது என்பது மட்டும் சுத்தமாக இல்லை. இயக்குநர் இப்போது உயிரோடு இல்லை. அம்மா போய் ஒன்பது வருடம். வழிகாட்டி நாடாவை அடுத்த படத்துக்காக அழித்திருப்பார்கள், அதுதான் வழக்கம்.

ஏழு வயதில் தன் குரல் எப்படி இருந்தது என்பதே தனக்குத் தெரியாது என்று அந்தச் சின்ன அறையில்தான் நெனெங்குக்கு உறைத்தது. வாழ்நாள் விருது வாங்கப்போகிறவள், தன் வாயில் முதலில் இருந்த மூன்று வார்த்தைகளை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

"டப்பிங் பண்ணறப்போ காதுல அந்த நாடாவை ஓட்டுவாங்கள்ல. அதைக் கேட்டிருப்பீங்களே," என்றாள் கிரிசெல், வெகுளியாக.

"கேட்டது நான் இல்ல, கண்ணு."

நாற்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் இதை வாய்விட்டுச் சொன்னாள்.

5

சியோனி அக்காவின் கடைக்கு நெனெங் வந்த அன்று நான் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். எழுதுகிறவள் இருக்கவேண்டிய இடத்தில் என்றைக்கு இருந்திருக்கிறாள்? ஆகவே இதெல்லாம் அக்கா சொன்னது.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் அடையாளம் தெரியாமலா போகும். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜீப்னி வண்டி ஓட்டுநர்கள் தட்டோடு எழுந்துவிட்டார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு வழக்கம்போல அந்த அலறலைக் கேட்டார்கள். நெனெங் அடுப்புப் பக்கம் பார்த்தாள். சட்டிகளுக்குப் பின்னால் எழுபத்துமூன்று வயதுப் பெண் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். சொந்தக்காரியின் முன்னால் வைத்து அவள் நகையைப் போட்டுக்கொண்டு ஆடச் சொன்னால் எப்படி இருக்கும்? நெனெங் தயங்கினாள். கூட்டம் விடவில்லை. கத்தினாள்.

எல்லோரும் கை தட்டி ஓய்ந்ததும் சியோனி அக்கா சொன்னார்:

"கடைசில மூச்ச விட்டுடறே. விடக்கூடாது, உள்ள இழுக்கணும். இத்தன வருஷமா அந்த ஒரு எடத்துல தப்புதான் பண்றே."

"நீங்க சொல்லிக் குடுத்திருக்கலாம்ல, அக்கா."

"வந்து கேட்டாத்தானே."

கூட்டம் கலையும்வரை நெனெங் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்து பயறுக் குழம்பு சாப்பிட்டாள். இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினாள். அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். தன்மேல் கோபமா என்று கேட்டாள் நெனெங். இருந்தது என்றார் அக்கா, நன்றாகவே இருந்தது. ஊர் முழுக்கத் தன் தொண்டையைப் பாராட்டும்போது தான் காய்கறிக்கு வரிசையில் நின்ற காலம் அது.

"அப்புறம் பொக பட்டுப் பட்டு என் கொரலு போயிடுச்சு. இப்பப் பாரு, தவளை மாதிரி. டிவில நீ அழறப்போ கேப்பேன். நம்ம கொரலு ஒருத்திகிட்டயாவது பத்திரமா இருக்கேன்னு தோணும். அப்பறம் என்ன கோவம்?"

நெனெங் அழுதாள். அழுகை எந்தக் குரலில் வந்தது என்று நான் அக்காவிடம் கேட்டேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார்.

பிறகு நெனெங் வந்த விஷயத்தைக் கேட்டாள். "அன்னைக்கு நான் என்ன சொன்னேன், அக்கா?"

சியோனி அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

6

இங்கே எனக்கு ஒரு தொல்லை. அந்தச் சிறுமி கத்தியது செபு மொழியில். மணிலாப் பேச்சை இதுவரை பொதுவான பேச்சுத்தமிழில் ஓட்டிவிட்டேன். செபுவுக்கு என்ன செய்வது? திருநெல்வேலித் தமிழில் போட்டுப் பார்த்தேன். "எம்மா, என்னிய—" (ஏழு வயது செபுக்காரி தாமிரபரணியில் குளித்துவிட்டு வந்தவள்போல ஆகிவிட்டாள். அடித்துவிட்டேன்.)

அ. "‘பசிக்குதும்மா’ன்னு சொன்னே." (இதில் வாசகர் இயக்குநரைத் திட்டுவார். நான் அதற்காக வரவில்லை.)

ஆ. "‘செருப்பு கடிக்குதும்மா’ன்னு சொன்னே." (சிரிப்பு வருகிறது. ஒரு நாடே செருப்புக்கடிக்கு அழுதது என்றால் நன்றாகத்தான் இருக்கும்.)

இ. "‘போதும்மா, வீட்டுக்குப் போலாம்’னு சொன்னே." (இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. என் கண் கலங்கினால் நான் அந்த வாக்கியத்தை நம்பமாட்டேன்.)

ஈ. "நீ சொன்னது—"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா எனக்கு அதைச் சொல்லவில்லை. எல்லாம் சொன்னவர், இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார். "அது அவ பொருளு. நான் வச்சிருந்தேன், குடுத்துட்டேன்," என்றார்.

ஆனால் வேறொன்று சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. சியோனி அக்காவும் செபுக்காரிதான். வேலை போய்விடும் என்று குரல் அறையில் யாருக்கும் அதைக் காட்டிக்கொண்டதில்லை. அதனால் காதுக்கருவியில் அந்தப் பிள்ளை கத்தியது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. மற்றவர்களுக்கு அது சும்மா சத்தம்.

"மூணு நாள் அதையே காதுல கேட்டுக்கிட்டு, வாயில அவங்க எழுதிக் குடுத்ததச் சொன்னேன்," என்றார் அக்கா. "வார்த்தைதான் அவங்களோடது. அழுதது அந்தப் புள்ள சொன்னதுக்குத்தான்."

7

முடிவுகள்.

முதல் முடிவு: விருது விழாவில் நெனெங் மேடையிலிருந்து இறங்கி, முதல் வரிசையில் இருக்கும் சியோனி அக்காவைக் கைபிடித்து மேலே அழைத்துப் போகிறாள், அரங்கமே எழுந்து நிற்கிறது. (நிற்கும், தெரியும். மதியத் தொடரில் நெனெங்கே இதை மூன்று தடவை நடித்துவிட்டாள். தவிர, விழா வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் ஊருக்கே பயறுக் குழம்பு, அதைப் போடாமல் கடையை மூடமாட்டேன் என்றுவிட்டார் அக்கா.)

இரண்டாம் முடிவு: விழாவுக்கு முந்தின நாள் சியோனி அக்கா— (இல்லை. ஒருத்தரைக் கொன்றுவிட்டால் முடிவு சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அவர் கடையில் நான் நாளைக்குச் சாப்பிடவேண்டும்.)

நடந்தது இதுதான். அடுத்த வாரம் நெனெங் மறுபடி குரலறைக்குப் போனாள். அந்த மூன்று வார்த்தைகளைச் சொன்னாள். முதல் தடவையிலேயே உதடு ஒட்டிவிட்டது. குரலைச் சின்னப்பிள்ளைக் குரலாக்க வேண்டாம், இருக்கிறபடி விடு என்றாள் கிரிசெலிடம். நிறுவனத் தலைவர் பதறிப்போனார். நாடே அந்த ஒரு வரிக்காக டிக்கெட் வாங்கியிருக்கிறது, பழைய வரி இல்லாமல் படத்தைக் காட்டமுடியாது என்றார்.

"அந்த வரி ஊர்ல எல்லார் வாயிலயும் இருக்கு சார்," என்றாளாம் நெனெங். "இது நாப்பத்திரண்டு வருஷமா யாரு வாயிலயும் இல்ல. இது வேணாம்னா எனக்கு விருதும் வேணாம்."

அவர் இறங்கி வந்தது நெனெங்குக்காகவா, அச்சடித்த அழைப்பிதழுக்காகவா என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு வந்த அழைப்பில் விழாவுக்குப் போனது நான். போய்விட்டு வந்து சொல்லு என்று அனுப்பிவைத்தார். கடைசிக்கு மூன்றாவது வரிசை. படம் தொடங்கியதும் பெயர்ப் பட்டியலில் புதிதாக ஒரு வரி வந்தது. ‘சிறுமியின் குரல்: அசுன்சியோன் பக்கலிங்’. யாருக்கும் அது யாரென்று தெரியவில்லை. நான் மட்டும் தனியாகக் கை தட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கடைசிச் சுருள் வந்தது. சிறுமி ஓடத் தொடங்கியதும் அரங்கம் தயாரானது. சுற்றிலும் நாக்கு நுனியில் அந்த வரி காத்திருந்தது, எனக்குக் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். வந்தது நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரல், கரடுமுரடாக, பழக்கமே இல்லாத ஒரு குரல். சியோனி அக்காவின் சாயல் அதில் துளிகூட இல்லை. மூன்று வார்த்தைகள். மறுபடியும் அதே மூன்று. கப்பல் நகர நகர மறுபடியும். கூடவே கத்தத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வருடம் மணிலாவில் இருந்து படித்தது தகாலோக்தான், செபு மொழி வராது. அரங்கில் பெரும்பாலோருக்கும் வராது. ஆனால் கதவோரம் டார்ச்சோடு நின்ற பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வரும்போது, படத்தில் அந்தச் சிறுமி என்ன சொன்னாள் என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள். தகாலோக்கில் மாற்றியும் சொன்னாள்.

மறுநாள் கடையில் சியோனி அக்கா எதையும் விசாரிக்கவில்லை. கூட்டம் எப்படி, விருது எப்படி, ஒன்றும் இல்லை. அரிசியைக் களைந்துகொண்டே ஒன்று மட்டும் கேட்டார்.

"உதடு ஒத்துப்போச்சா?"

"போச்சு அக்கா."

"அப்பச் சரி," என்றார். வெகுநேரம் அரிசியையே களைந்துகொண்டிருந்தார்.

இப்போது அந்த மூன்று வார்த்தைகள் எனக்குத் தெரியும். மேலே எழுதிப் பார்த்த மூன்றில் ஒன்று கிட்டத்தட்ட சரி. எது என்று சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கதையில் இதுவரை எல்லோருக்கும் நான்தான் தமிழில் குரல் கொடுத்தேன். நெனெங்குக்கு, சியோனி அக்காவுக்கு, அந்தக் கிரிசெலுக்குக்கூட. அந்தச் சிறுமிக்கு ஏற்கெனவே ஒருவர் பேசி, நாற்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது அவள் சொன்னது அவளிடம் திரும்பி வர. அவள் வாயில் இன்னொரு தடவை வேறு யாரோ ஏறிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஏழு வயதில், போய்க்கொண்டிருக்கும் அம்மாவின் முதுகைப் பார்த்து நீங்களும் ஒருநாள் ஏதோ கத்தியிருப்பீர்கள். மூன்று வார்த்தைக்கு மேல் இருந்திருக்காது. உங்களுக்கு அது நினைவிருக்கிறதா? நினைவிருந்தால் இங்கே போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் சொந்தக் குரலில். கப்பல் இன்னும் துறையைத் தாண்டவில்லை.

"                                        "